மாசிடோனியாவிடம் எதைக் கேட்க வேண்டும்?

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் நாடுகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே "அவர்கள் இன்னும் தயாராகவில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வடக்கு மாசிடோனியாவுக்கு நடந்ததைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

2005-லேயே ஒன்றியத்தில் சேர்வதற்கான வேட்பாளர் தகுதி கிடைத்த நாடு அது. மாசிடோனியா என்பது எங்கள் வட பகுதியின் பெயர் என்று சொல்லி கிரேக்கம் வருடக்கணக்கில் வழிமறித்தது. 2018-ல் பிரெஸ்பா ஏரிக்கரையில் கிரேக்கத்தோடு ஒப்பந்தம் போட்டு, அடுத்த ஆண்டு மாசிடோனியா என்ற நாட்டின் பெயரையே வடக்கு மாசிடோனியா என்று மாற்றிக்கொண்டார்கள். தலைநகர் ஸ்கோப்யேயின் விமான நிலையத்துக்கு வைத்திருந்த, கிரேக்கம் தன்னுடையவர் என்று சொல்லும் மகா அலெக்சாண்டரின் பெயரை அதற்கு முன்பே ஒவ்வொரு எழுத்தாகக் கழற்றி இறக்கியிருந்தார்கள். சொந்த மக்களிடம் போய் இதைக் கேட்கும் துணிச்சல் எத்தனை தலைவர்களுக்கு இருக்கும்?

ஆனால் 2019 அக்டோபரில் சேர்க்கைப் பேச்சுவார்த்தையைத் தொடங்க பிரான்ஸ் சம்மதிக்கவில்லை. பெயர் மாற்றத்துக்காக எல்லாவற்றையும் பணயம் வைத்த பிரதமர் ஸோரன் ஸாயெவ், முன்கூட்டியே தேர்தலுக்குப் போக வேண்டியதாயிற்று. 2020-ல் பல்கேரியா குறுக்கே வந்தது. மாசிடோனிய மொழி தனி மொழியே அல்ல என்பது அதன் வாதம். இப்போது மாசிடோனிய அரசியலமைப்பில் அங்கு வாழும் பல்கேரியர்களையும் ஒரு சமூகமாகச் சேர்த்தால்தான் அடுத்த படி. இத்தனை விட்டுக்கொடுத்த ஸாயெவின் கட்சியை 2024-ல் மக்கள் படுதோல்வி அடையச் செய்ததில் என்ன ஆச்சரியம்?

அந்த நாடு தயார் என்று நான் சொல்லவில்லை. 2025 மார்ச்சில் கோச்சனி ஊர் இரவு விடுதியில் மேடை வாணப்பொறி கூரையில் பற்றி ஏறத்தாழ 60 பேர் செத்தார்கள். பெரும்பாலும் இளம் பிள்ளைகள். அந்த விடுதிக்குச் சட்டப்படியான உரிமமே இல்லை என்று உள்துறை அமைச்சரே சொன்னார். லஞ்சம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடும் அதிகாரி, இழுத்தடிக்கும் நீதிமன்றம், இதையெல்லாம்தான் ஒன்றியம் விடாப்பிடியாகக் கேட்டிருக்க வேண்டும். பெயரையும் மொழியையும் பேசியே இத்தனை வருடத்தைத் தின்றுவிட்டார்கள். சேர்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை போன பிறகு, நீதித்துறையைத் திருத்து என்று யார் சொன்னால் கேட்பார்கள்?

இன்று தடுக்கும் பல்கேரியாவே 2007-ல் நீதித்துறைக் குறைகளோடுதான் உள்ளே வந்தது. அதற்கென வைத்த தனிக் கண்காணிப்பு 2023-ல்தான் முறைப்படி முடிந்தது.

சேர்க்கையின் ஒவ்வொரு படிக்கும் ஒன்றியத்தின் 27 உறுப்பு நாடுகளும் சம்மதிக்க வேண்டும் என்ற விதியை மாற்ற வேண்டும். கடைசிச் சேர்க்கைக்கு மட்டும் ஒருமித்த ஒப்புதல் போதும், இடைப்பட்ட படிகளைப் பெரும்பான்மை வாக்கில் முடிவு செய்யலாம் என்று சில உறுப்பு நாடுகளே கேட்கின்றன. என் ஆதரவு அதற்குத்தான்.