மனிதக் காலடியே படாத பூமியாம்!

எல்லோரும் பகிர்ந்து தள்ளிய அந்தக் காணொளியை நானும் பார்த்துத் தொலைத்தேன். ஒகேனக்கல் பள்ளத்தாக்கை மேலிருந்து படம் பிடித்த தம்பி, அஞ்செட்டி மேட்டைக் காட்டி உருகுகிறார்: "மனிதக் காலடியே படாத பூமி!" காட்சி அழகுதான், மறுக்கவில்லை. ஓசூர்ப் பக்கம் 900 மீட்டரை ஒட்டி நிற்கும் மேட்டுநிலம் மலை மலையாகச் சரிந்து காவிரியில் போய் விழுகிறது. பார்த்தால் யாருக்கும் வாய் பிளக்கும். ஆனால் காலடி படவில்லையா?

என் தாத்தா அந்தக் காட்டில்தான் பட்டி போட்டு ஆலம்பாடி மாடு மேய்த்தார். பட்டியைச் சுற்றி முள் அடுக்கும்போது தூர் உள்ளே, நுனி வெளியே இருக்க வேண்டும் என்பார்; மாற்றி வைத்தால் சிறுத்தையை விட்டுவிட்டு நம் மாட்டைக் கிழிக்கும். அந்தக் காலடியெல்லாம் கணக்கில் வராது போலிருக்கிறது. செருப்பில்லாத கால் அல்லவா!

சரி, தாத்தாவை விடுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லச்சந்திரம் குன்றில் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடி, பக்கவாட்டில் வட்டமாகத் துளை போட்டுச் செத்தவர்களுக்கு வீடு கட்டியது யார்? யானையா? மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். 'அதெல்லாம் வேறு பக்கம்' என்று தூரம் அளக்க வராதீர்கள், எல்லாம் அஞ்செட்டி இருக்கும் அதே கிருஷ்ணகிரி மாவட்டம்தான். அதியமானையும் நெல்லிக்கனியையும் மேடைப் பேச்சாளர்களுக்கே விட்டுவிடுகிறேன். 1792-இல் பாராமகால், அதாவது இந்தத் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும், கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் நிலத்தை அளந்து வரி போட்டார்கள். ஆளில்லாத பூமியில் யாரிடம் வசூலித்தார்களாம்?

'சுற்றுலா வளர்ந்தால் பரிசல்காரர்களுக்கு நாலு காசு கிடைக்குமே' என்பார்கள். கிடைக்கட்டும். அவர்களும் மனிதர்கள்தான் என்று ஒரு வரி சேர்த்தால் காணொளி கெட்டுவிடுமா? 'மனிதன் வெளியேறினால்தான் காடு பிழைக்கும்' என்று நண்பர் ஒருவர் பாடம் எடுக்கிறார். காவிரி வடக்குச் சரணாலயம் 2014-இல் வந்தது, தெற்கு 2022-இல். யானைக்கு இடம் வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. கேழ்வரகு முற்றும் பருவத்தில் பரண்மேல் தகரம் தட்டி விடிய விடிய உட்கார்ந்திருப்பவனிடம் போய் அந்தப் பாடத்தை எடுக்கட்டும், பார்க்கலாம்.

ஒரு வர்ணனைக்கு இவ்வளவு கோபமா என்றால், ஆமாம், இவ்வளவும்தான். நேற்று வரை நாங்கள் தண்ணியில்லாக் காடு, தண்டனைக்கு மாற்றல் வாங்கி வருகிற இடம். எங்கள் பள்ளிக்கு அப்படி வந்த ஆசிரியர் ஒருவர், முதல் நாளே வருகைப் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இந்த ஊரில் வந்து விழ என்ன பாவம் செய்தேனோ" என்றார். எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே சொன்னார்.