கொன்ட்ரா வாங்கியது குற்றமாம்

சனிக்கிழமை நான் போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், கொமென்டை மூடிவிட்டேன். வாசிகசாலை மண்டபத்தில் பெடியள் இருந்து கொன்ட்ரா என்கிற பழைய துவக்குச் சண்டை வீடியோ கேம் விளையாடுகிற படம், அவ்வளவுதான். "முப்பது வருசப் பழைய கேமைக் காசு குடுத்து வாங்குவினமோ" என்று ஒருவர் தொடங்கினார். சரி, பகிடி என்று விட்டுவிடலாம். பிறகு எங்கள் ஊரிலிருந்து போய் இப்போது வெளிநாட்டில் நன்றாக இருக்கிற ஒரு அண்ணா வந்து, "இந்தக் காசுக்கு நாலு பிள்ளையளுக்குக் கொப்பி வாங்கிக் குடுத்திருக்கலாம்" என்று எழுதினார். அதற்கு விழுந்த லைக்கைப் பார்க்க வேண்டும். பாதிப்பேர் என்னுடைய நண்பர்கள்.

அண்ணாவுக்கு உள்பெட்டியில் பதில் எழுதியிருக்கலாம்தான். அவர் சபையில் சொன்னதால் நானும் சபையிலேயே சொல்கிறேன்.

முதலில் காசு. கொனாமி நிறுவனம் பழைய கொன்ட்ரா கேம்களை ஒன்றாகக் கட்டி ஒரு தொகுப்பாக 2019-ல் வெளியிட்டது. விலை 20 டொலர். நாங்கள் அந்த விலைக்கு வாங்கவில்லை. தள்ளுபடி வரும்வரை காத்திருந்து 5 டொலருக்கும் குறைவாக வாங்கினோம். இன்றைய கணக்கில் 1500 ரூபா வரும், இரண்டு கோழிக்கொத்துக் காசு. அதற்கு 1987-ல் காசு போட்டு விளையாடுகிற மெஷினில் வந்த ஆர்கேட் கொன்ட்ரா, வீட்டு ரீவிக்கு வந்த கொன்ட்ரா, சுப்பர் கொன்ட்ரா, 1992-ல் வந்த மூன்றாவது கொன்ட்ரா, 1994-ல் சேகாவின் மெகா டிரைவ் கேம் பெட்டிக்கு வந்த ஹார்ட் கோர்ப்ஸ் என்று எல்லாம் ஒன்றாகக் கிடைக்கிறது. புதுசாக வருகிற ஒரு பெரிய கேம் 70 டொலர். அதாவது 21,000 ரூபா. அதை நாங்கள் வாங்கிப் படம் போட்டிருந்தால் இந்த அறிவுரை வந்திருக்காது. "பெடியள் கலக்குறாங்கள்" என்று நெருப்புப் படம் போட்டிருப்பீர்கள்.

"பழசைத் திரும்பத் திரும்ப விற்கிறாங்கள்" என்பது உங்களுக்குச் சரி. நீங்கள் ஒருமுறை கசெட்டில் வாங்கினீர்கள், பிறகு சீடியில் வாங்கினீர்கள், பிறகு தரவிறக்கினீர்கள். நாலாவது தடவை காசு கேட்டால் எரிச்சல் வரும். நியாயம். ஆனால் நாங்கள் எப்போது முதல் தடவை வாங்கினோம்?

அந்த மூன்றாவது கொன்ட்ரா வந்தபோது வன்னியில் என்ன இருந்தது? மின்சாரம் இல்லை. டோர்ச்சுக்குப் போடுகிற பற்றரியே தடைப் பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட சனம் நாங்கள். சோனியின் முதல் பிளேஸ்டேஷன் கேம் பெட்டி ஜப்பானில் 1994 மார்கழியில் கடைக்கு வந்தது. அந்த நேரம் எங்கள் வீட்டில் மண்ணெண்ணெயைப் போத்தல் மூடியால் அளந்துதான் விளக்குக்கு விட்டோம். உலகம் விளையாடி முடித்து, மேசைக்கடியில் போட்டு, பிறகு "அந்தக் காலம் மாதிரி வருமா" என்று ஏங்கத் தொடங்கிய ஒரு காலம் முழுக்க எங்களுக்கு வரவேயில்லை. உங்களுக்கு அது பழைய கேம். வாசிகசாலையில் இருந்த பெடியளுக்கு அது அன்றைக்குத்தான் வந்தது. எனக்கும் பாதிக்கு மேல் புதுசுதான்.

பாதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், 2002-ல் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 வீதி திறந்த பிறகு மாமா யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ரீவி கேம் வாங்கி வந்தார். மஞ்சள் கசெட். மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 9999999 கேம் என்று இருந்தது. உள்ளே இருந்தவற்றை விரல் விட்டு எண்ணலாம். அதே மரியோ பத்துப் பெயரில் வரும், ஒன்றில் உயரமாகப் பாய்வார், ஒன்றில் நடுவிலிருந்து தொடங்குவார். நின்டெண்டோவுக்கு அதில் ஒரு சதம் போயிருக்காது. இன்றைக்குத் தொகுப்பு என்றதும் மூக்கைப் பிடிக்கிற பலபேர் வளர்ந்ததே அந்த மஞ்சள் கசெட்டில்தான். அதுவும் தொகுப்புத்தானே? மலிவுத் தொகுப்புத்தானே?

விசுவமடுவில் அப்போது கரண்ட் இல்லை. ஜெனரேற்றரை இரவல் வாங்கி, மண்ணெண்ணெய்க்கு எல்லோரும் காசு போட்டு விளையாடுவோம். கொன்ட்ராவில் இடையில் சேமித்து வைக்கிற வசதி கிடையாது, பாஸ்வேர்டும் கிடையாது. ஐந்தாம் கட்டம், பனிக்காடு, அங்கே வந்து நிற்கும்போது ஜெனரேற்றர் இருமத் தொடங்கும். அவ்வளவுதான், அடுத்த கிழமை திரும்ப முதலாம் கட்டத்திலிருந்து. தொடங்க முன்னம் கொன்ட்ரோலரில் மேல் மேல் கீழ் கீழ் இடம் வலம் இடம் வலம், பிறகு பி, ஏ என்று அழுத்தினால் முப்பது உயிர் கிடைக்கும். அதை எங்களுக்குச் சொல்லித் தந்தவர் யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை, ஆனால் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு தெரியாதவனுக்கும் அது தெரியும்.

அம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தா. சத்தம் வைக்கக்கூடாது. கொன்ட்ரா முழுக்கச் சுடுகிற சத்தம்தானே, சண்டை நின்று ஒரு வருசம்கூட ஆகவில்லை, அவவால் அதைக் கேட்டுக்கொண்டு குசினியில் நிற்க முடியவில்லை. "நிப்பாட்டிப்போட்டு விளையாடுங்கோ" என்பா. அதனால் நாங்கள் கொன்ட்ராவை ஊமையாகத்தான் விளையாடினோம். அதற்கு அவ்வளவு நல்ல இசை இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததே இந்தத் தொகுப்பை வாங்கிய பிறகுதான். முதலாம் கட்டக் காட்டின் இசை தொடங்கியதும் நான் கொன்ட்ரோலரை வைத்துவிட்டுச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். பெடியள் "அண்ணா சாகப்போறீங்கள்" என்று கத்தினார்கள், செத்தும் போனேன். இன்னொன்று, தொகுப்பில் ஜப்பான் பதிப்பும் இருக்கிறது. அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் ஒரு வரைபடம் வரும், காட்டில் இலைகள் காற்றுக்கு அசையும். மஞ்சள் கசெட்டில் இலை அசைந்ததாக எனக்கு நினைவில்லை.

மூன்றாம் கட்டம் அருவி. இருவர் விளையாடினால் ஒருவன் வேகமாக மேலே ஏறக் கீழே நிற்கிறவன் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவான். என் மச்சான் இருக்கிறானே, அவன் ஒருநாளும் எனக்காக நின்றதில்லை. ஏறிக்கொண்டே போவான், நான் கீழே ஒவ்வொரு உயிராக விட்டுக்கொண்டிருப்பேன். அவனும் இப்போது வெளிநாட்டில்தான். கொப்பிக் கொமென்டுக்கு லைக் போட்ட ஆட்களில் அவனும் இருக்கிறான். மச்சான், பார்த்தேன்.

மாமா வாங்கி வந்த அந்த ரீவி கேம் பெட்டி 2009 தையில் எல்லோரும் விட்டுவிட்டு வந்த சாமான்களோடு போய்விட்டது. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

"ரோம் சும்மா கிடைக்குதே, எதுக்குக் காசு?" என்று, கேமின் நகல் கோப்பைச் சொல்லிக் கேட்ட தம்பிமாருக்கு. எனக்குத் தெரியாதா? நான் போன் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன், பழைய கேமைப் போனில் ஓடவைக்கிற எமுலேட்டர் போட்டுத் தரச் சொல்லி வருகிறவர்களுக்குப் போட்டுக் கொடுக்கிறவனும் நான்தான். விளையாடுங்கள், நான் நீதிபதி இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், நாங்கள் காசு கொடுத்து வாங்கினால் மட்டும் ஏன் உங்களுக்குச் சிரிப்பு வருகிறது? வன்னிக்கு எல்லாம் சும்மா வரவேண்டும், உதவியாக வரவேண்டும், யாரோ போட்டுக் கழித்ததாக வரவேண்டும். பெட்டி பெட்டியாகக் குளிர்ச்சட்டை வந்த காலம் மறக்கவில்லை, கிளிநொச்சி வெயிலுக்கு! இந்தப் பெடியள் அறுவடைக்குப் போன காசைச் சேர்த்து ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4, அதுதான் பிஎஸ்4, எடுத்தார்கள். ஒருவரிடமும் கேட்கவில்லை. படிவம் நிரப்பவில்லை. கையில் பொருளை வைத்துக்கொண்டு நன்றி சொல்லிப் படம் எடுக்கவும் இல்லை. அவர்களுக்குப் பிடித்த ஒன்றை அதன் விலையைக் கொடுத்து வாங்கினார்கள். அது வன்னியில் எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறதே, அதுதான் வலிக்கிறது.

வாங்குவதும் லேசில்லை. பிளேஸ்டேஷனின் இணையக் கடையில் நாட்டைத் தெரிவு செய்யச் சொன்னால் நாங்கள் அமெரிக்கா என்றோ இந்தியா என்றோ போட்டுத்தான் கணக்குத் திறக்கிறோம். பிறகு டொலருக்கு அட்டை தேட வேண்டும். இவ்வளவும் செய்து காசு கட்டப்போகிறவனைப் பார்த்து முட்டாள் என்கிறீர்கள்.

கம்பனிகள் பேராசை பிடித்தவை என்பதை நான் மறுக்கவில்லை. 2021-ல் ராக்ஸ்டார் என்ன செய்தது? ஜிரிஏ மூன்று, வைஸ் சிட்டி, சான் அண்ட்ரியாஸ் என்று தன் பழைய கேம் மூன்றையும் புதுப்பித்துத் தருகிறோம் என்று 60 டொலருக்குப் போட்டது, பழையவற்றைக் கடையிலிருந்து எடுத்தது. வந்தது என்ன? மழை பெய்தால் ரோட்டே தெரியவில்லை, முகமெல்லாம் மெழுகு. பிறகு மன்னிப்புக் கேட்டுப் பழையதைத் திரும்ப வைத்தார்கள். மீள்குடியேறிய காலத்தில் கிளிநொச்சி நெட் கஃபேக்களில் வைஸ் சிட்டி ஓட்டி வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது, அவர்களிடம் அந்தப் புதுப்பித்த முகங்களைக் காட்டிப் பாருங்கள். நின்டெண்டோ மூன்று மரியோவை ஒன்றாகக் கட்டி 60 டொலருக்கு விற்றது, 2021 பங்குனி 31-க்குப் பிறகு விற்கமாட்டோம் என்று சொல்லி நிறுத்தியும் விட்டது. சேகா 2022-ல் சோனிக் தொகுப்பு வருவதற்கு முன்பே பழைய சோனிக்குகளைத் தனித்தனியாக வாங்க முடியாமல் செய்தது. அந்தத் தொகுப்பில் மூன்றாவது சோனிக்கின் இசை சில இடங்களில் மாறியும் இருந்தது. பெட்டியில் வாங்கினால் இன்னொரு சோதனை. ஸ்பைரோ மூன்று கேம் என்று வாங்கினால் டிஸ்க்கில் ஒன்றுதான், மிச்சம் இறக்க வேண்டும். எங்கள் டேட்டாவுக்கு அது நடக்கிற காரியமா?

இவ்வளவும் உண்மை. ஆனால் இதெல்லாம் மோசமாகச் செய்த தொகுப்புகளின் குற்றம். மலிவாக, ஒழுங்காக, இடையில் சேமிக்கிற வசதியோடு வருகிற தொகுப்பின் குற்றமில்லை. 2022-ல் பழைய கேம் கம்பனியான அட்டாரியின் ஐம்பதாண்டுக்கு வந்த தொகுப்பைப் பாருங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட கேம், செய்தவர்களின் பேட்டியெல்லாம் உள்ளேயே இருக்கிறது. அது நூதனசாலை மாதிரி. கரண்ட் போய்ப்போய் வருகிற ஊரில் இடையில் சேமிக்கிற பொத்தான் எவ்வளவு பெரியது என்று, 2022-ல் பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்களுக்காவது விளங்கும்.

"யாருக்கு இது தேவை, விட்டால் அழியட்டும்" என்று ஒருவர். அழிகிறதுதான். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 வீதத்தை இன்றைக்குக் கடையில் வாங்க முடியாது என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. நூலகங்கள் அவற்றைத் தூர இருக்கிற ஆய்வாளருக்கு இணையத்தால் காட்டலாமா என்று கேட்டதற்கு, 2024 ஐப்பசியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் முடியாது என்றது. அமெரிக்காவிலேயே அந்த நிலை. நூலகம் எரிந்த இனம் நாங்கள், எது தேவையில்லை, எது அழியட்டும் என்று இவ்வளவு லேசாக எழுத எப்படி மனம் வருகிறது?

"யுத்தம் பார்த்த மண்ணில் துவக்கு விளையாட்டா" என்று கேட்ட அக்காவுக்கு மட்டும் என்னிடம் கெட்டித்தனமான பதில் இல்லை. அம்மாவும் அதைத்தான் வேறு மாதிரிக் கேட்டா. சனிக்கிழமையும் சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்தோம், பக்கத்து வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் கொப்பி? கொப்பிக்கு என்னிடம் பதில் இருக்கிறது. எங்கள் பெடியள் வருசத் தொடக்கத்தில் கொப்பி கொடுக்கிறார்கள், அதற்குப் படம் போடுவதில்லை. படம் போட்டால்தான் தெரியும் என்றால் அது எங்கள் குற்றமில்லை. நீங்கள் அங்கே பிள்ளைக்குப் பிறந்தநாளுக்குப் பிஎஸ்5 வாங்கிக் கொடுத்த படத்துக்குக் கீழே வந்து "இந்தக் காசுக்கு நாப்பது பிள்ளையளுக்கு" என்று நான் எழுதினேனா? "வாழ்த்துகள் செல்லம்" என்றுதான் எழுதினேன். பார்க்கலாம், இன்னும் இருக்கும். விளையாட்டு உங்கள் பிள்ளைக்குப் பிள்ளைப்பருவம், எங்கள் பிள்ளைக்கு வீண்செலவு. இதை யார் எழுதி வைத்தது?

சரி, போதும். பெடியள் கேட்ட அடுத்த விசயம். சேகா மெகா டிரைவ் தொகுப்புக்கு, 2018-ல் வந்தது, ஐம்பதுக்கும் மேல் கேம், தள்ளுபடி வரட்டும் என்று காத்திருந்தோம். 2024 மார்கழியில் அதைக் கடையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஸ்ட்ரீட்ஸ் ஒஃப் ரேஜ் மூன்றும், கோல்டன் அக்ஸும் அதில்தான் இருந்தன. இனி டிஸ்க்தான் வழி. உங்கள் ஊர்ப் பழைய கேம் கடைகளில் பிஎஸ்4 டிஸ்க் கண்டால் விலையைச் சொல்லுங்கள், காசு நாங்கள் போட்டுவிடுவோம். ஆடி அல்லது ஆவணியில் யாராவது நல்லூருக்கு வருகிறவர்கள் பையில் கொண்டுவந்தால் போதும். வாங்க முன்னம் பெட்டியைத் திறந்து டிஸ்க்கில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.