பேர் நம்முடையது, படகு அவர்களுடையது

மறுபடியும் அந்த மணி வந்துவிட்டது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருஷத்துக்கு இரண்டு முறையாவது வரும். நியூசிலாந்தில் கிடைத்த, தமிழ் எழுத்து பொறித்த வெண்கல மணி. கீழே வழக்கமான வரி: ‘நியூசிலாந்தைக் கண்டுபிடித்தவன் தமிழனே!’ இந்த முறை அனுப்பியவர் சித்தப்பா. சில வருஷங்களுக்கு முன்பு இதையே நானும் ஷேர் செய்து லைக் வாங்கியவன்தான். அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மணி பொய்யில்லை. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி வாங்கரே பக்கம் அதைப் பார்த்தார். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அதைக் கவிழ்த்துப் பிடித்து உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். இப்போது வெலிங்டனில் டெ பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சாட்சி கிடையாது. சரி, எப்படியோ போனது. ஆனால் அடுப்பு மூட்டிக் கிழங்கு வேகவைக்கிற ஜனம் ஏற்கெனவே அங்கே இருக்கிறதே, அப்புறம் நாம் எதைக் கண்டுபிடித்தோம்?

மாவோரிகள் கடல் கடந்து அங்கே வந்து சுமார் 700 வருஷம் ஆகிறது. வந்த கதை நம் மணிக் கதையைவிட எவ்வளவோ பெரியது. என் ஆதங்கம் அதுதான்.

ஹவாய், ஈஸ்டர் தீவு, நியூசிலாந்து. உலகப் படத்தில் இந்த மூன்றையும் கோடு போட்டு இணைத்தால் பசிபிக்கின் நடுவில் ஒரு பெரிய முக்கோணம் வரும். அதற்குள் இருக்கிற தீவுகளில் எல்லாம் சொந்தக்கார மொழிகள். 1769-ல் கேப்டன் குக்கின் கப்பலில் தஹீத்தியில் ஏறிய துபையா என்ற மாலுமி, அதுவரை பார்த்தே இராத நியூசிலாந்தில் இறங்கி மாவோரிகளிடம் பேசினார். அவர்களுக்குப் புரிந்தது! மலேசிய நண்பர்கள் ‘லீமா’ என்றால் ஐந்து என்று அறிவார்கள். சமோவாவிலும் ஹவாயிலும் அதே லிமாதான், மாவோரியில் ரிமா. உலோகமே இல்லாமல் கட்டிய படகுகளில் போனவர்கள் விட்டுச்சென்ற தடம் இது.

திசைகாட்டி இல்லாமல் எப்படிப் போனார்கள்? எந்த நட்சத்திரம் அடிவானத்தில் எந்த இடத்தில் எழும், எங்கே விழும் என்று மனப்பாடம். மாலையில் கரைக்குத் திரும்புகிற பறவை எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு கண். எல்லாவற்றுக்கும் மேலே, அலை. தொலைவிலிருந்து வரும் அலை ஒரு தீவில் மோதி வளைந்து வருவதை, படகுக்குள் அடித்தளத்தில் படுத்து உடம்பாலேயே அறிந்திருக்கிறார்கள்.

அந்த முக்கோணத்துக்கு வெளியே, அதே பசிபிக்கில் இருக்கிற மார்ஷல் தீவுக்காரர்கள் இதைப் படமாகவே கட்டினார்கள். தென்னை ஈர்க்குகளை வளைத்துக் கட்டினால் அலை, நடுவே சோழியை வைத்தால் தீவு. விளக்குமாற்றுக்கு ஆகிற அதே ஈர்க்கு! அதைக் கடலுக்கு எடுத்துப்போக மாட்டார்கள். கரையிலேயே படித்து மனத்தில் ஏற்றிக்கொண்டு வெறுங்கையோடு கிளம்புவார்கள்.

இவர்கள் வழி தெரிந்துதான் கடல் கடந்தார்கள் என்பதை நம்பாதவர்களும் இருந்தார்கள். 1947-ல் தோர் ஹெயர்டால் என்ற நார்வேக்காரர், இந்த மக்கள் தென் அமெரிக்காவிலிருந்து காற்றோடும் நீரோட்டத்தோடும் வந்தவர்கள் என்று காட்டுவதற்காக, பெருவிலிருந்து தெப்பத்தில் 101 நாள் மிதந்து ஒரு பவளத்திட்டில் போய் மோதினார். துணிச்சல்காரர், மறுக்கவில்லை. ஆனால் மிதந்து வருவது வேறு, போகிற இடம் தெரிந்து போவது வேறு. அதைச் செய்துகாட்டத்தான் 1976-ல் ஹவாயிலிருந்து ‘ஹோக்குலேயா’ என்ற இரட்டைப் படகு கிளம்பியது. அதற்குள் ஹவாயில் பழைய முறையில் வழிகாட்டத் தெரிந்த ஆள் மிஞ்சவில்லை. மேற்குப் பசிபிக்கில் மைக்ரோனேசியாவின் சத்தவால் என்ற சின்னஞ்சிறு தீவிலிருந்து மாவ் பியாய்லுக் என்பவரை அழைத்து வந்தார்கள். குழந்தையாக இருக்கும்போதே கடலோரக் குட்டைகளில் உட்காரவைத்து அலையைப் பழக்கிய தாத்தாவின் பேரன் அவர். ஒரு கருவியும் இல்லாமல் சுமார் 4,000 கிலோமீட்டர் கடந்து படகைத் தஹீத்தியில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அந்த மாதிரி இரட்டைப் படகுக்கு இன்று உலகம் முழுக்க என்ன பேர் தெரியுமா? கேட்டமரன். நம் கட்டுமரம்தான். மரங்களைச் சேர்த்துக் கட்டிய நம் மிதவையின் பேரை, வெள்ளைக்காரர்கள் பசிபிக்காரனின் படகுக்கு வைத்துவிட்டார்கள். பேர் நம்முடையது, படகு அவர்களுடையது. இந்த வேடிக்கையை எந்த ஃபார்வர்டும் சொல்வதில்லை.

அந்தக் கடலில் நமக்கு உண்மையான உறவும் உண்டு. அது பெருமையாக மீம் போடுகிற உறவு இல்லை. 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக பிஜிக்கு ஏற்றினார்கள். 1903 முதல் மெட்ராஸிலிருந்தும் கப்பல் போனது. பாரதி மனம் நொந்து பாடியது அந்தத் தோட்டங்களில் உழைத்த பெண்களைப் பற்றித்தான். அப்படிப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகளில் பலருக்கு இன்று தமிழ் தெரியாது, ஆனால் நாண்டி ஊரில் முருகன் கோயில் இருக்கிறது.

இவ்வளவையும் குழுவில் எழுதினேன். சித்தப்பா ஒரு மணி நேரம் கழித்து, “அது சரிடா, அந்த மணியில என்னதான் எழுதியிருக்கு?” என்று கேட்டார். இத்தனை வருஷம் அனுப்பியவர்! “முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி” என்று அனுப்பினேன்.

“பாயோட கப்பலா?” என்றார். ஆமாம் சித்தப்பா, பாயோட கப்பல்தான்.