சிஜிபிஏ மட்டும் போதாது

மருந்து வேதியியல் ஆய்வகத்தில் பிராக்டிக்கல், அதாவது தொழிற்பயிற்சி, கிடைக்க நல்ல சிஜிபிஏ (பல்கலைக்கழக மதிப்பெண் சராசரி) இருந்தால் போதும் என்கிற மாதிரி ஒரு கட்டுரையைப் படித்தேன், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பினாங்கில் ஓர் ஆய்வகத்தில் வருஷா வருஷம் மாணவர்களைப் பார்க்கிறவன் சொல்கிறேன், மதிப்பெண் எல்லாம் வாசல் வரைக்கும்தான். உள்ளே வந்தால் செய்யப்போவது பெரும்பாலும் மருந்துக்கு உதவும் பொருளைத் தேடி இலையைக் காயவைத்து அரைத்து, மெத்தனால் என்ற கரைப்பானில் ஊறவைத்து, சிலிக்கா நிரப்பிய குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்கி, விழுந்ததை எல்லாம் பொருள்கள் பிரிந்தனவா என்று காட்டும் டிஎல்சி தகட்டில் பொட்டு வைத்து யூவி (புற ஊதா) விளக்கில் பார்ப்பது. ஒரு பொருளைச் சுத்தமாகப் பிரிப்பதற்குள் பயிற்சிக் காலமே முடிந்துவிடும். மூலக்கூறின் அமைப்பைக் கண்டறியும் என்எம்ஆர் கருவியை நாமே இயக்கலாம் என்ற கனவோடு வராதீர்கள், சாம்பிளைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆனாலும் நம் மலேசியாவில் இந்தத் துறை சுவாரசியமானது. சரவாக்கில் 1987-இல் எடுத்த பிந்தாங்கோர் மரத்தின் மாதிரியில்தான் எச்ஐவி வைரஸைத் தடுக்கும் கலனோலைட் ஏ என்ற பொருள் கிடைத்தது, மறுபடி தேடிப் போனால் அந்த மரத்தையே வெட்டிவிட்டிருந்தார்கள்! கெத்தும் என்ற மரத்தின் இலையில் உள்ள மித்ராஜினின் என்ற வேதிப்பொருளைப் பற்றி இங்கே பினாங்கின் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் பல வருடங்களாக ஆய்வு நடக்கிறது.

அப்புறம் தம்பி தங்கைகளே, பேராசிரியருக்கு மின்னஞ்சல் போடும்முன் அவருடைய ஓர் ஆய்வுக் கட்டுரையையாவது படியுங்கள், எல்லாருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் பார்த்ததும் தெரிந்துவிடும். அலவன்ஸ் உண்டா என்றும் கூச்சப்படாமல் முதலிலேயே கேட்டுவிடுங்கள், பல இடங்களில் கிடையாது.