ஆகாய கங்கையில் ஸ்பீக்கர் கச்சேரி

70 கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றைப் புரட்ட புரட்ட அத்தனையும் தாண்டிக் கொல்லிமலை ஏறுவதே ஐயாறு ஆகாய கங்கை அருவியாக விழும் சத்தத்தைக் கேட்கத்தான். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். பாதி வழியிலேயே, கண்ணில் படுவதற்கு முன்னால், அருவி காதில் விழும். விழ வேண்டும்.

எங்கே விழுகிறது? முன்னால் போகும் கும்பலில் ஒருவர் தோளில் ப்ளூடூத் ஸ்பீக்கர், அதில் குத்துப்பாட்டு. சரி, இவர்கள் போகட்டும் என்று படியில் உட்கார்ந்தால், பின்னால் இன்னொரு கும்பல், இன்னொரு ஸ்பீக்கர், வேறு பாட்டு. இரண்டும் கலந்து கேட்பதற்குப் பெயரே கிடையாது.

"தம்பி, கொஞ்சம் சத்தத்தைக் குறைப்பா."

"ஏண்ணா, பாட்டு பிடிக்கலையா?" என்று அக்கறையாக வேறு பாட்டை மாற்றுகிறான்!

திரும்பி ஏறும்போது முட்டி நடுங்குகிறது, மூச்சு வாங்குகிறது. அப்போதும் பாட்டு நிற்பதில்லை. நம் போனில் சார்ஜ் தீர்ந்துவிடும், அந்த ஸ்பீக்கருக்கு மட்டும் தீராது. படியோரக் குரங்குகள் கையிலிருக்கும் பிஸ்கட்டை எல்லாம் பிடுங்குகின்றன. அந்த ஸ்பீக்கரை ஒரு குரங்காவது பிடுங்கக் கூடாதா?