எட்டடி என்று போட்ட கார்ட்

போன ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சரிந்திருந்தேன். மகன் ஃபோனைக் கொண்டுவந்து முகத்துக்கு முன்னால் நீட்டினான். "அப்பா, இவரைப் பாருங்கோ. உலகத்திலேயே மோசமான ரெஸ்லராம்." சிரித்துச் சிரித்து அவனுக்கு விக்கலே வந்துவிட்டது. பார்த்தால் நம்ம ஜயன்ட் கொன்சாலஸ். உடம்போடு ஒட்டிய ஓர் உடை, அதில் பெயின்டால் வரைந்த தசைகள், அங்கங்கே ஒட்டவைத்த ரோமம். யாருக்கும் சிரிப்பு வரும்தான். எனக்கு வரவில்லை. ஏன் என்று அவனிடம் சொல்லத் தொடங்கியதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

93, 94 காலம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைப் பெடியன்களுக்கு ரெஸ்லிங் என்றால் முதலில் கார்ட், ரெஸ்லரின் படமும் அளவுகளும் போட்ட சீட்டு. டிவியும் கசெட்டும் அதற்குப் பிறகுதான். கட்டைச் சமமாகப் பிரித்து, தன் மேல்கார்டைப் பார்த்து ஒருவன் ஒன்றைச் சொல்லுவான். ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ். யாரிடம் பெரிய எண்ணோ அவன் எல்லாருடைய கார்டையும் அள்ளுவான். ரேங்கில் மட்டும் சின்ன எண்ணுக்குத்தான் வெற்றி. தமிழ், சிங்களம், முஸ்லிம் என்று ஒழுங்கையில் எல்லாப் பெடியன்களும் இருந்தார்கள், ஆனால் கார்ட் விளையாடும்போது எல்லாருக்கும் பாஷை ஒன்று: "ஹைட்!"

வெயிட்டில் யோகோசுனாவை அசைக்க முடியாது. ஹைட்டில் கொன்சாலஸ். எட்டு அடி. அந்தக் கார்டின் பின்பக்கத்தில், ரோல்ஸ் தின்ற கையால் யாரோ பிடித்ததில், ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. அதனால் குலுக்கும்போதே கொன்சாலஸ் எங்கே போகிறார் என்று எல்லாக் கண்ணும் பின்னாலேயே போகும். கையில் வந்தவன் முகத்தை எவ்வளவு இறுக்கி வைத்திருந்தாலும் பிரயோசனமில்லை, எல்லாருக்கும் தெரியும்.

அந்த மனிதர் யார் என்று எங்களில் ஒருவனும் கேட்டதில்லை.

ஹோர்ஹே கொன்சாலஸ். 1966 ஜனவரி 31ஆம் திகதி அர்ஜென்டினாவின் வடக்கே, ஃபொர்மோசா மாகாணத்தில் எல் கொலொராடோ என்ற ஊரில் பிறந்தவர். உயரம் அவரைக் கூடைப்பந்துக்குக் கொண்டுபோனது, நாட்டின் தேசிய அணி வரை. 1988இல் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயின் வீரர் தெரிவில் அட்லாண்டா ஹாக்ஸ் அணி அவரை மூன்றாம் சுற்றில் எடுத்தது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. என்பிஏயில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே அந்தக் கதை முடிந்தது. ஆனால் ஹாக்ஸின் முதலாளி டெட் டர்னரிடம் டபிள்யூசிடபிள்யூ என்ற ரெஸ்லிங் கொம்பனியும் இருந்தது.

கொழும்பின் கடைத்தெருவான புறக்கோட்டையில் வேலை செய்தவர்களுக்கு இது உடனே விளங்கும். எங்கள் அப்பா கெய்சர் வீதியில் ஒரு புடவைக் கடையில் நின்றவர். கவுன்டரில் சரிவராத பெடியனை முதலாளி வீட்டுக்கு அனுப்ப மாட்டார், கோடவுனுக்கு அனுப்புவார். பெடியன் அங்கே பேல் தூக்குவான், அவ்வளவுதான். கொன்சாலஸையும் அப்படித்தான் ஒரு கடையிலிருந்து மற்றக் கடைக்கு மாற்றினார்கள். 1990இல் எல் ஹிகாந்தே என்ற பெயரில் ரிங்கில் ஏற்றினார்கள். ராட்சதன் என்று அர்த்தம். பெயர் வைக்கக்கூட யாரும் அதிகம் யோசிக்கவில்லை.

1993 ஜனவரியில் போட்டிக் கொம்பனியான டபிள்யூடபிள்யூஎஃப்புக்கு வந்தார். அந்தப் பெயின்ட் உடை அங்கே கொடுத்ததுதான். ரோயல் ரம்பிள் என்ற போட்டியில் திடீரென்று வந்து, சவம் புதைக்கிறவன் வேடத்தில் ஆடும் நட்சத்திரம் அண்டர்டேக்கரை அடித்து வெளியே எறிந்தார். ஏப்ரல் 4, லாஸ் வேகஸில் ரெஸில்மேனியா 9, அந்தக் கொம்பனியின் வருடாந்தப் பெரிய நிகழ்ச்சி. சீசர்ஸ் பலஸ் ஹோட்டலின் திறந்த வெளியில், பகல் வெயிலில் நடந்தது. இருட்டிலேயே பார்த்துப் பழகிய அண்டர்டேக்கர் வெயிலில் தேரில் வருகிறார், பக்கத்தில் ஒரு கழுகு. அதுவே பாதி நாடகம். ஏழெட்டு நிமிடச் சண்டை. கடைசியில் குளோரோஃபோம் துணியால் மூக்கைப் பொத்தினார் என்று கொன்சாலஸைத் தகுதிநீக்கம் செய்தார்கள். ரெஸில்மேனியாவில் தொடர்ந்து 21 முறை வென்றவர் அண்டர்டேக்கர். அதில் எதிராளி தகுதிநீக்கமாகி வந்த வெற்றி அது ஒன்றுதான். ஆகஸ்டில் சமர்ஸ்லாமில் மறுபடியும் மோதி, கொன்சாலஸ் சுத்தமாகத் தோற்றார். வருடம் முடிவதற்குள் ஆளே இல்லை.

சண்டை நன்றாக இருந்தது என்று நான் வாதாடப் போவதில்லை. சரியான மோசம். அவர் அடிக்கும்போது கை கிணற்றுத் துலா மாதிரி மேலே போகும், யோசிக்கும், பிறகு இறங்கும். அதற்குள் அண்டர்டேக்கர் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து அடி வாங்கலாம்.

ஆனால் ரெஸ்லிங் பழகப் போகிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது என்ன தெரியுமா? விழுவது. நாடியை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுதும் ஒரே நேரத்தில் தரையில் பட, இரண்டு கையாலும் தரையை அறைந்து, அதிர்ச்சியை உடம்பெங்கும் பங்குபோட்டு விழ வேண்டும். சாதாரண உயரக்காரனுக்கே அது மாதக்கணக்கில் முதுகை உடைக்கிற வேலை. அவருடைய உண்மையான உயரம் ஏழடி ஏழு அங்குலம் என்று சொல்வார்கள் (மிச்சத்தைக் கொம்பனி தானே போட்டுக்கொண்டது). அந்த உயரத்தோடு, கூடைப்பந்துக்கே உதவாத முழங்காலோடு, கணக்குப் பார்த்தால் மூன்று வருட அனுபவத்தோடு உலகத்தின் மிகப் பெரிய மேடைக்கு அனுப்பிவிட்டு, "இவனுக்கு ஆட்டம் வரவில்லை" என்று சிரிப்பது எந்த ஊர் நியாயம்?

அவருக்கு முந்திய ராட்சத ரெஸ்லர் ஆண்ட்ரே த ஜயன்ட்டோடு ஒப்பிடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1987 மார்ச் 29, பொன்டியாக் சில்வர்டோமில் ஹல்க் ஹோகன் அவரைத் தூக்கி அடித்தபோது ஆண்ட்ரே இந்தத் தொழிலில் இருபது வருடம் பழுத்தவர். அதற்கு முந்திய வருடம்தான் முதுகில் ஆபரேஷன். உடைக்கு உள்ளே இடுப்புப்பட்டி கட்டிக்கொண்டு நின்றார். ஹோகன் தூக்கினார் என்று உலகம் சொல்கிறது, ஆண்ட்ரே தூக்கவிட்டார் என்று நான் சொல்வேன். எப்போது, யாருக்காக, எப்படி விழுவது என்று தெரிந்த மனிதர். அந்த ஆண்ட்ரேயே கடைசி வருடங்களில் கயிற்றைப் பிடிக்காமல் நிற்க முடியாமல் இருந்தார். அப்போது அவரையும் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்தார்கள். 1993 ஜனவரியில், தகப்பனின் இறுதிச் சடங்குக்காகப் பிரான்ஸ் போனவர், பாரிஸில் ஒரு ஹோட்டல் அறையில் இதயம் நின்று இறந்துபோனார். வயது 46. கொன்சாலஸ் டபிள்யூடபிள்யூஎஃப்பில் கால் வைத்த அதே மாதம்.

இரண்டு பேருக்கும் கோளாறு ஒரே இடத்தில்தான். மூளைக்கு அடியில் கடலை அளவில் கபச்சுரப்பி இருக்கிறது. அதில் ஒரு கட்டி வந்தால் வளர்ச்சி ஹோர்மோன் நிற்காமல் ஊறும். எலும்பின் வளரும் நுனி மூடுவதற்கு முன்பு என்றால் ஆள் உயர்ந்துகொண்டே போவார். மூடிய பிறகு தாடை, நெற்றி, கை, கால் என்று அகலமாக வளரும். வெளியே தெரிவது அவ்வளவுதான். உள்ளே இதயமும் பெருக்கும். அந்த ஹோர்மோன் இன்சுலினை வேலை செய்ய விடாது, அதனால் சீனி வியாதி வரும். கொன்சாலஸைக் கடைசியில் கொண்டுபோனது அந்தச் சீனிதான். சக்கர நாற்காலியில் இருந்தார், 2010 செப்டெம்பர் 22ஆம் திகதி இறந்தார். வயது 44. இந்தப் பதிவை எழுதுகிற என் வயதைவிட இரண்டு குறைவு.

பிறகு வந்த ராட்சத ரெஸ்லர் பிக் ஷோவுக்கும் இதே வியாதிதான். பத்தொன்பது வயதில் ஆபரேஷன் நடந்து வளர்ச்சி நின்றது. அதற்குப் பிறகுதான் ரிங்குக்கே வந்தார், வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆடினார். இந்தியாவின் ராட்சத ரெஸ்லர் கிரேட் காளி நேர் எதிர். 2007இல் உலக சாம்பியன் ஆகிவிட்டார், கபச்சுரப்பிக் கட்டியை எடுத்தது 2012இல். அதற்கு முன் அவர் நடக்கிற நடையை எங்கள் வீட்டு ஹோலில் நடந்து காட்டாத சின்னப் பெடியனே இல்லை. சரி, நானும்தான் நடந்து காட்டினேன்.

"காசு வாங்கித்தானே ஆடினார்கள், யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லையே" என்று கீழே யாராவது எழுதுவார்கள். உண்மைதான். எல் கொலொராடோவில் இருந்திருந்தால் அந்த டொலரை அவர் கண்ணால் கண்டிருக்க மாட்டார். அதைக் குறை சொல்லவில்லை. ஒருவரின் வியாதிக்கு டிக்கெட் போட்டு விற்றுவிட்டு, முப்பது வருடம் கழித்து அதே வியாதிக்கு "மோசமான ரெஸ்லர்" என்று பட்டம் கட்டுவதைத்தான் சொல்கிறேன். விற்றவன் பெயர் அந்தப் பட்டத்தில் எங்கேயும் இல்லை.

நானும் யோக்கியன் இல்லை. அந்தக் காலத்தில் புறக்கோட்டையில் நாட்டாமி வேலை, அதாவது மூட்டை தூக்கும் வேலை செய்த ஒருவர் எங்கள் ஒழுங்கையால் போய்வருவார். பதுளைப் பக்கத்து ஆள், ஆறே முக்கால் அடி இருப்பார். மட்டக்குளி பஸ்ஸுக்குள் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தே நிற்பார். இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கழுத்து அப்படியேதான் இருக்கும். டயர் செருப்பு. அதுவும் போதாமல் பெருவிரல் முன்னால் வெளியே வந்து தரையைத் தொடும். அவர் போனால் நாங்கள் மதிலுக்குப் பின்னால் இருந்து "கொன்சாலஸ்!" என்று கத்துவோம்.

ஒருநாள் நின்றார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "யாரு தம்பி அது?" என்று கேட்டார். எண்ணெய்க் கறை பட்ட கார்டைப் பயந்து பயந்து நீட்டினேன். அவருடைய கைக்குள் அது ஒரு முத்திரை மாதிரி இருந்தது. கண்ணுக்குக் கிட்டே வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"எட்டு அடியா?"

"ஓம்."

"இவரு செருப்பு எங்க வாங்குறாரு?"

ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. கார்டைத் திருப்பித் தந்துவிட்டுப் போய்விட்டார். நாங்கள் அதை வாங்கிப் பார்த்தோம். நெஞ்சளவு போட்டிருந்தது, பைசெப்ஸ் போட்டிருந்தது. கால் அளவு இல்லை.