‘எல்-ஒய்’ இல்லாவிட்டால் அட்வெர்ப் இல்லையாம்!

அந்த விடைத்தாள் படம் எல்லார் கண்ணிலும் பட்டிருக்கும். செயல் எப்படி, எப்போது, எங்கே நடக்கிறது என்பது போன்றவற்றைச் சொல்லும் சொல்லான அட்வெர்புக்கு அடிக்கோடு போடச் சொன்ன கேள்வி; ‘ஹி ரேன் ஃபாஸ்ட்’ என்ற வாக்கியத்தில் ‘ஃபாஸ்ட்’டுக்கு அடிக்கோடு போட்ட குழந்தைக்குத் தப்பு. பக்கத்திலேயே சிவப்பு மையில் திருத்தம் வேறு: ‘ஃபாஸ்ட்லி’. திருத்துகிறவருக்குக் கை தவறலாம், அதை விடுங்கள். அது தப்பு என்று நான் எழுதியதற்கு வந்த கமெண்டுகள்தான் இன்னும் உறுத்துகின்றன.

மறுபடி சொல்கிறேன். அந்த வாக்கியத்தில் ஃபாஸ்ட்தான் அட்வெர்ப். குழந்தை எழுதியது சரி.

"எல்-ஒய் என்ற எழுத்துகளில் முடிந்தால்தான் அட்வெர்ப் என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சுலபமாக ஒரு விதி வேண்டாமா டீச்சர்?" வேண்டும்தான். அந்த விதி உண்மையாகவும் இருக்க வேண்டாமா? ஃப்ரெண்ட்லி, லோன்லி, லவ்லி: எல்லாவற்றிலும் எல்-ஒய் இருக்கிறது, எல்லாமே பெயர்ச்சொல்லை வருணிக்கும் அட்ஜெக்டிவ். சூன், நெவர், ஹியர்: எல்-ஒய் கிடையாது, ஆனால் அட்வெர்ப். ‘ஷி வொர்க்ட் ஹார்ட்’ என்றால் பாடுபட்டாள். ‘ஷி ஹார்ட்லி வொர்க்ட்’ என்றால் அவள் வேலை பார்த்ததே அபூர்வம். எல்-ஒய் ஒரு துப்பு என்று சொல்லிக்கொடுங்கள், நானும் அப்படித்தான் சொல்கிறேன். சட்டமாக்காதீர்கள் என்பதுதான் என் பேச்சு.

இங்கிலாந்தில் 2014 முதல் நடப்பில் இருக்கும் பாடத்திட்டத்தைப் பாருங்கள். இரண்டாம் ஆண்டில் எல்-ஒய் சேர்ப்பது வருகிறது. மூன்றாம் ஆண்டிலேயே அட்வெர்புக்கு உதாரணமாக தென், நெக்ஸ்ட், சூன், தேர்ஃபோர் என்று கொடுத்திருக்கிறார்கள். ஒன்றிலாவது எல்-ஒய் இருக்கிறதா? ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கான பாடம் அது. அவர்களுக்குப் புரியும் என்று நம்பித்தானே வைத்திருக்கிறார்கள்?

எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. என் வகுப்பில் பலகையில் ‘வாக்’ என்று எழுதிவிட்டு, துண்டுச்சீட்டு எடுக்கச் சொல்வேன். சீட்டில் உள்ள சொல்லுக்கு ஏற்றபடி நடக்க வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். ‘ஸ்லோலி’, ‘ஆங்கிரிலி’ எல்லாம் எளிதாகப் போய்விடும். ஒரு முறை ஒரு சிறுமி சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றாள். நட என்று எல்லாரும் கத்துகிறார்கள், அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். சீட்டை வாங்கிப் பார்த்தால் ‘நெவர்’! அடுத்து ‘ஆல்வேஸ்’ எடுத்த பையன் மணி அடித்த பிறகும் நடந்துகொண்டே இருந்தான். அந்த இரண்டும் அட்வெர்ப் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்ததா?

"வகுப்பு நிறையப் பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடம் மலையளவு, விளையாட நேரம் ஏது?" நியாயமான கேள்வி, நானும் அதே பாட்டைப் படுகிறவள்தான். ஆனால் ஃபாஸ்ட்டுக்குச் சரி போட எவ்வளவு நேரம் ஆகும்? "விடைக்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது" என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. குறிப்பையே கும்பிடுங்கள்.

இன்னொரு கூத்தும் இருக்கிறது. பத்திக்கு இத்தனை அட்வெர்ப் இருந்தால் இத்தனை மதிப்பெண் என்று வைத்துவிடுகிறோம். பிள்ளை என்ன செய்யும்? நாய் ‘சடன்லி’ குரைக்கும், அம்மா ‘சடன்லி’ தூங்குவாள். ‘விஸ்பர்ட்’டோடு ‘கொயட்லி’யும் சேரும். சத்தமாக யாராவது கிசுகிசுப்பார்களா? அதற்கெல்லாம் சரி, சரி, சரி. நேராக ‘ரேன் ஃபாஸ்ட்’ என்று எழுதியவளுக்குத் தப்பு.

"தமிழ் மீடியத்தில் படித்தவங்க இங்கிலீஷ் கிராமர் பேசுறாங்க" என்று ஒருவர். ஆமாம் ஐயா, தமிழ் மீடியம்தான். அகராதியை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தவள், அதனால்தான் ‘ஃபாஸ்ட்லி’யைப் பார்த்ததும் கண் உறுத்தியது. அவர் எழுதியதுகூடப் பரவாயில்லை. அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில், மாலையில் என்னிடம் பிள்ளையை ஆங்கிலம் படிக்க அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். பெயர்களைப் பார்த்துவிட்டேன்.